கல்யாண கேசட்டும் ஹிஸ்டரி குரூப்பும்

சரித்திர ஆசிரியர்களுக்கு என்று ஒரு ராசி உண்டு: டைம்டேபிள் யார் போட்டாலும் காலை முதல் பீரியட் கணக்குக்குப் போய்விடும், மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் நமக்கு வந்துவிடும். சாம்பார் சாதம் உண்டு வந்த பிள்ளைகளின் கண்களுக்கு முன்னால் நின்று மௌரியர் ஆட்சிமுறையை விளக்கியவர்களே, என் கதை உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் படிப்பு என்று பேச்சு. ப்ளஸ் ஒன்னில் ஹிஸ்டரி குரூப்புக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. மற்ற குரூப்புக்கு மார்க் போதாத பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வாசல் அதுதான். அதுவும் அடைபட்டால் அவர்களை வீட்டோடு நிறுத்திவிடுவார்கள். என் வேலையும் போய்விடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர் கெட்டவர் இல்லை, கணக்கில் கறாரானவர். பள்ளி திறந்ததுமே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அடுத்த வருஷம் பதினஞ்சு பேர் சேரலைன்னா ஹிஸ்டரி குரூப் இருக்காது டீச்சர்."

டெக் வந்த நாள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ப்ளஸ் ஒன் பாடத்தைக் கொஞ்சம் ருசி காட்டினால் என்ன என்று தோன்றியது. பள்ளியில் டீவி இருந்தது. காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கும் கடைக்காரர் ஒருவர், சிந்துவெளி பற்றி டீவியில் வந்த படத்தை எனக்காகப் பதிவு செய்து, கேசட் போட்டுப் பார்க்கும் டெக்கையும் வாடகைக்குக் கொடுத்தார். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பொத்தானை அமுக்கினால் மொகஞ்சதாரோ வரவில்லை, நாதஸ்வரம் வந்தது. கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். கடைக்காரர் கேசட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

வகுப்பு சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிறுத்தப் போனேன். அப்போது செல்வராணி எழுந்தாள். உரக்கடைக்காரர் மகள், கணக்கில் கெட்டிக்காரி. "அணைக்காதீக டீச்சர், படத்தை அப்படியே அசையாம நிக்க வைங்க" என்று டீவிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். படத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வீட்டு வளவு முற்றத்தில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். அரக்குப் பூசிய மரப் பாத்திரமான மரவை, அடுத்து எனாமல் தூக்குகள், அடுத்து எவர்சில்வர் அடுக்கு, கடைசியில் மிக்ஸியும் கிரைண்டரும். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். மரவை நம் ஆட்கள் பர்மாவுக்குப் போய்வந்த காலம், எனாமல் வெளிநாட்டுக் கப்பல் சாமான் வந்த காலம், எவர்சில்வர் நம் ஊரிலேயே பட்டறை வைத்த காலம் என்று பிள்ளைகளே ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். கடல் வாணிபம் காலத்துக்குக் காலம் எப்படி மாறியது என்ற அந்தப் பாடத்துக்கு நான் ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன். செல்வராணி உட்காரப் போகும்போது சொன்னாள்: "போர்டுல நீங்க கோடு போட்டுக் காட்டுவீகளே டீச்சர், அந்தக் காலக்கோட்டைத்தான் கல்யாணத்துல பரப்பி வச்சிருக்காக."

அந்தப் பக்கம் நடந்தது

மறுநாள் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். திட்டுவதற்கு வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். கடைக்காரர் என்னைவிட வாடிப்போய் நின்றார். என் கேசட் கொத்தமங்கலத்துக்குப் போயிருந்ததாம். கல்யாணத்துக்கு வர முடியாத சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, பலகாரம் வைத்து, பெண்ணின் அம்மாவான ஆச்சி படத்தைப் போட்டிருக்கிறார். முகூர்த்தம் வரும் வரும் என்று கூட்டம் முழுவதும் சிந்துவெளியைக் கடைசிவரை பார்த்திருக்கிறது.

"ரொம்பக் கோபமா இருந்தாங்களா?" என்று கேட்டேன். கோபம்தான், ஆனால் படத்தைத் திருப்பி அனுப்பும்போது அந்த ஆச்சி ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தார். கடைக்காரர் அதை அப்படியே ஒப்பித்தார்: "கல்யாணத்தைத்தான் காணோம், ஆனா அந்த ஊருல சாக்கடையை நம்ம வீடுக மாதிரியே மூடிபோட்டு அம்சமாக் கட்டியிருக்காக."

வெள்ளச் செய்தி

டெக் வாடகை கட்டுப்படியாகாத மாதங்களில் என் வீட்டு டேப் ரெக்கார்டர்தான் கைகொடுத்தது. சிந்துவெளி நகரங்கள் ஏன் அழிந்தன என்ற பாடத்தை ரேடியோச் செய்தியாக எழுதிப் பதிவு செய்யச் சொன்னேன். பிள்ளைகள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நிலைய அறிவிப்பு, இசை எல்லாம் வாயாலேயே போட்டு அசத்திவிட்டார்கள். ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது, தாழ்வான பகுதி மக்கள் மேட்டுக்குப் போகவும் என்று ஒரு குரல் நிதானமாக வாசித்தது. நானே ஒரு நொடி ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தேன்.

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்: "எந்தப் பக்கம் வெள்ளம் டீச்சர், பிள்ளைகளை இப்பவே பஸ் ஏத்திவிடணுமா?"

பாதி ரங்கூன்

மரவை கிளப்பிவிட்ட ஆசை அடங்கவில்லை. பர்மாவின் ரங்கூன் துறைமுகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். காரைக்குடியில் அப்போதுதான் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். பெற்றோரின் சம்மதம் வாங்கி, ஒரு சனிக்கிழமை ஏழெட்டுப் பேரைக் கூட்டிப் போனேன். ஒரே நாற்காலியைச் சுற்றி அத்தனை தலைகள்.

ரங்கூன் துறைமுகத்தின் பழைய படம் ஒன்று மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் வெறும் வானம். பிறகு கோபுரத்தின் நுனி. பிறகு கப்பல்களின் பாய்மரங்கள். எந்தப் புத்தகப் படத்தையும் என் பிள்ளைகள் இத்தனை பொறுமையாகப் பார்த்ததில்லை. பாய்மரம் முடிந்து கப்பலின் தளம் தெரியப்போகிற நேரம், மாடியில் சென்டர்காரரின் மனைவி யாருக்கோ பேச டெலிபோனை எடுத்தார். அதே டெலிபோன் கம்பியில் ஓடிக்கொண்டிருந்த இன்டர்நெட் லைன் அறுந்துவிட்டது. மறுபடி எத்தனை தடவை முயன்றும் கிடைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் உம்மென்று இருந்தேன். அவர்களோ வழிநெடுக ஒரே சண்டை: கப்பலில் ஏற்றியது அரிசியா தேக்கா, ஏற்றியவர்கள் பர்மாக்காரர்களா நம் ஆட்களா, நம் ஆட்கள் என்றால் கூலி யார் கொடுத்தது. இந்தக் கேள்விகளில் பாதி எனக்கே தோன்றியதில்லை. பெருமையில் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இறங்கும்போது செல்வராணி சொன்னாள்: "கீழ்ப்பாதி வராததும் நல்லதுதான் டீச்சர், வந்திருந்தா பாத்துட்டுப் பேசாமப் போயிருப்போம்."

பதினைந்தாவது பெயர்

ப்ளஸ் ஒன் சேர்க்கையின் கடைசி நாள். என் குரூப்பில் பதினாலு பேர். சிஸ்டர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே செல்வராணி நின்றாள், பக்கத்தில் அவள் அப்பா. மேசையில் அவளுடைய விண்ணப்பம். ஹிஸ்டரி குரூப் என்று அவளே எழுதியிருந்தாள்.

"கணக்குல ஸ்கூல்லயே ரெண்டாவது மார்க்கு. இஞ்சினியருக்குப் படிக்க வைக்கணும்னு நான் இருக்கேன். நீங்க படத்தப் போட்டுக் காட்டிப் பிள்ளை மனச மாத்திப்புட்டீக" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. அந்த ஒரு பெயர் வந்தால் குரூப் பிழைக்கும், மற்ற பதினாலு பேரும் பிழைப்பார்கள். ஆனால் அவர் கேட்டதிலும் தப்பில்லை. என் பிழைப்புக்காக ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. "கணக்கு குரூப்பே எடும்மா, சரித்திரத்தை வீட்டிலேயும் படிக்கலாம்" என்றேன்.

செல்வராணி என்னையே பார்த்தாள். "நீங்க ஹிஸ்டரி எடுத்ததுக்கு வருத்தப்படுறீகளா டீச்சர்?"

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். யோசித்துச் சொல்லியிருந்தால் நல்ல பதிலாக ஏதாவது வந்திருக்கும். எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. "ஒருநாளும் இல்லைம்மா" என்றேன்.

அவள் அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சிஸ்டரிடம் கேட்டார்: "எங்குட்டு கையெழுத்துப் போடணும்?"

அந்த வருஷம் ஹிஸ்டரி குரூப் பிழைத்துக்கொண்டது, நான் மட்டும் அதற்கப்புறம் உரக்கடையைத் தாண்டும்போதெல்லாம், அந்தப் பிள்ளையை நல்லபடியாகக் கரையேற்ற வேண்டுமே என்ற பயத்தில் வேகமாக நடக்கப் பழகிக்கொண்டேன்.