நீலச் சட்டையின் இரண்டு கைகள்

பொன்மணியக்காவின் தையல் கடையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். பழைய சட்டை எது வந்தாலும் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துவார். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டால் பாலியஸ்டர்.

மதுரையில் சூர்யபிரகாஷ் என்பவர் பழைய துணியில் புது உடை தைத்து விற்கும் கடை வைத்திருக்கிறார். நகரத்துக்காரர்கள் கழித்துப்போட்ட சட்டைகள் அங்கிருந்து மூட்டையாக வரும். அக்கா அவற்றை வெட்டி ஒட்டு வைத்துக் கைப்பைகளாகவும் கோட்டுகளாகவும் அனுப்புவார். பருத்தியில் கறை பட்டதும் சாயம் போனதும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மேல்சட்டையாகும். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டை அது. வெடிமருந்து அறையில் பாலியஸ்டர் உரசினால் தீப்பொறி பறக்கும். கண்ணுக்குத் தெரியாத பொறியே போதும். அக்கா எட்டு வருடம் அந்த அறையில் இருந்தவர். இடது காதுக்குக் கீழே தோல் இன்னும் வழுவழுப்பாக இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மழை ஏமாற்றிய புரட்டாசி. காற்றில் ஈரமே இல்லை. பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் கற்பகவல்லி வந்து நின்றாள்.

"மதினி, நாளைக்குக் காலையில எனக்குச் சட்டை வேணும். பழசு முழங்கையில கிழிஞ்சு தொங்குது. போர்மேன் பாத்துப் பாத்துச் சிரிக்கான்."

"சட்டையப் பாத்துத்தான் சிரிக்கானாக்கும்?"

"போங்க மதினி!"

மூட்டையின் மேலே ஒரு வெளிர்நீலச் சட்டை. எத்தனையோ தடவை துவைத்து மெத்தென்று இருந்தது. அக்கா விரலால் தேய்த்துப் பார்த்தார். தீப்பெட்டியை எடுக்கவில்லை. எதிர் அச்சகத்தில் லேபிள் வெட்டிக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலை கடையைப் பெருக்கியபோது ஒரு நீலத் துண்டு கிடந்தது. பழக்கதோஷத்தில் கொளுத்தினார். கறுப்பு மணி.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கற்பகவல்லி ஏறிய கம்பெனி வேன் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது.

"தம்பி, வண்டிய எடுலே. ஏழாயிரம்பண்ணைக்கு."

கம்பெனி கேட்டில் காவலர் ராக்கப்பன் விஷயத்தைக் கேட்டதும் உள்ளே திரும்பினார்.

"அண்ணாச்சி, அங்கன வச்சுக் கழட்டச் சொல்லிராதீக. போட்டது போட்டபடி கூட்டிட்டு வாங்க," என்றார் அக்கா.

"ஓடுங்க!" என்று கத்தினேன்.

"உள்ள யாரும் ஓடக் கூடாதுலே," என்று அக்கா என் கையை இறுக்கினார்.

ராக்கப்பன் நடந்தார். கடைசி அறைவரை நடந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.

கற்பகவல்லி வந்தாள். "என்ன மதினி, தச்ச சட்டையத் திருப்பிக் கேக்க இம்புட்டுத் தூரமா வருவீக?"

அக்கா சிரிக்கவில்லை. சாலையைத் தாண்டிக் கூட்டிப்போய்க் கழற்றச் சொன்னார். சடசடவென்று ஒரு சத்தம். கற்பகவல்லியின் முழங்கை முடி சிலிர்த்து நின்றது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு மூச்சு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. சட்டையின் கைகளையே பார்த்தார். உடல் நீலம், கைகள் வெள்ளை.

"நீலக் கை இவளுக்குக் குட்டையா இருந்துச்சு. வெட்டி வேற சட்டைக்கு வச்சேன்."

"யாருக்கு?"

"நேத்துச் சாயங்காலம் ஒருத்தி வந்து வாங்கிட்டுப் போனா. புதுசா வேலைக்குச் சேரப் போறேன்னா. மல்லாங்கிணறு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டா. பேரக் கேக்கலயே."

மல்லாங்கிணறு போய் விசாரித்தோம். தெரிந்த கம்பெனிகளுக்கும் வேன்காரர்களுக்கும் சொன்னோம். தெரியாத கம்பெனிகள்தான் அதிகம். காலையில் வேன் நிற்கும் இடங்களில் நின்று, ஏறுகிற ஒவ்வொரு பெண்ணின் சட்டைக் கையையும் அக்கா பார்க்கிறார். இப்போது தைக்கும் நூலைக்கூடக் கொளுத்தித்தான் ஊசியில் கோக்கிறார்.

இன்று ஒன்பதாவது நாள். மதியம் தெற்கே எங்கோ ஒரு சத்தம் கேட்டது. கல்குவாரி வெடியாகவும் இருக்கலாம். பட்டாசுக் கம்பெனி என்றால் ஒரு சத்தத்தோடு நிற்காது. அக்கா மெஷின் மிதிப்பதை நிறுத்தினார். காலைப் பெடலிலிருந்து எடுக்காமல், இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்தார்.