கண்ணாடிக்காரி வைத்த கஞ்சி

காலேஜ் போகிற டவுன் பஸ்ஸில் பையைப் போட்டு எனக்கு இடம் பிடிக்கிற சுபா, ஒரு வாரமாகப் பேசவில்லை.

காரணம் ஒரு மங்கா, ஜப்பான் படக்கதை. ஒரே பையன், அவனை விரும்பும் நாலு பொம்பளப் பிள்ளைகள். நான் நீலமுடிக்காரி பக்கம். சுபா கண்ணாடிக்காரி பக்கம். வாய்ச்சண்டை முற்றிவிட்டது.

இன்று புது அத்தியாயம். நீலமுடிக்காரிக்குக் காய்ச்சல். இதுவரை அவளுக்குக் குழி பறித்த கண்ணாடிக்காரியே கஞ்சி வைத்துக் கொடுத்து, "எந்திச்சு வா. படுத்துக் கிடக்கவகூட எனக்குப் போட்டி வேண்டாம்" என்கிறாள்.

அந்தப் பக்கத்தை மூன்று தடவை வாசித்தேன்.

சேரன்மகாதேவியில் பஸ் ஏறினேன். சுபாவின் பக்கத்து சீட்டில் அவள் பை; ஒரு வாரமாக எனக்காக அதை எடுக்கவில்லை.

"ஒன் ஆளு நல்லவதான் பிள்ள" என்றேன்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இப்பதான் திருந்தியிருக்கா. முன்னாடி நீ திட்டுனது சரிதான்."

அத்தியாயத்தைச் சேர்ந்து மறுபடி வாசித்தோம். பின்சீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பையன் என்ன வேல பாக்கான்?"

"ஒண்ணும் பாக்கலக்கா."

"பெறவு எதுக்கு நாலு பேரு?"

ஜங்ஷன் வரை பழைய அத்தியாயங்களைப் புரட்டித் தேடினோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவனுக்காகவா நான் ஒரு வாரம் நின்றுகொண்டே போனேன்?