அரைக் கிளட்ச்

அப்பா டிராக்டர் சீட்டில் இருந்தார். அம்மா அவருக்கு இடப்பக்கம், மட்கார்டு மேல். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பின்னால் டிரெய்லரில் கேரட் மூட்டைகள் மேல் சாய்ந்து கிடந்தார். நான் டிரெய்லரின் கடைசியில், மடியில் கல்லோடு. பெரியப்பா மேலே ரோட்டில் தன் பிக்கப் வண்டியோடு காத்திருந்தார். அப்புறம் குன்னூரிலிருந்து பைக்கில் மெக்கானிக் வந்தார். அவரையும் சேர்த்து ஆறு பேர்.

கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டம் கேத்திப் பள்ளத்தில். அங்கிருந்து ரோட்டுக்கு ஏற ஒரே ஒரு மண்பாதை. நடுவில் ஒரு கொண்டை வளைவு. டிராக்டர் பெரியப்பாவுடையது. கீழ்நாட்டுச் சமவெளியில் யாரோ ஓட்டித் தீர்த்ததை வாங்கி வந்தார். வளைவில் நின்றுதான் கியர் மாற்ற முடியும். ஹேண்ட் பிரேக் கிடையாது. அதனால் நிற்கும்போது யாராவது குதித்துப் பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும். அந்த யாராவது நான்தான். மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். கல் வைத்ததும் அப்பா கியரை மாற்றிக் கிளட்சைச் சட்டென்று விடுவார். வண்டி ஒரு துள்ளு துள்ளி ஏறும். நான் கல்லைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன்.

அந்த வருஷம் கொஞ்ச நாளாக எனக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. அப்பா கல் கேட்பதை விட்டுவிட்டார். கிளட்சைப் பாதி மிதித்து, பாதி விட்டு, வண்டியை ஏற்றத்தில் அப்படியே பிடித்து நிறுத்துவார். பிறகு துள்ளாமல், தூக்கத்தில் புரள்கிற மாதிரி மெல்ல நகர்த்துவார். பாறை துருத்திய இடங்களிலும் அப்படித்தான். பக்கத்தில் ஓணான் போனால் அது முந்திவிடும். அப்பா முன்பைவிடக் கெட்டிக்காரர் ஆகிவிட்டார் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றைக்கு முழு லோடு. வளைவைத் தாண்டும்போது இன்ஜின் கத்தியது. சக்கரம் சுற்றவில்லை. அப்பா இன்னும் கொஞ்சம் முடுக்கினார். சத்தம்தான் ஏறியது, வண்டி ஏறவில்லை. தலைமுடி பொசுங்குகிற மாதிரி ஒரு நாற்றம் வந்தது.

"கல்லு வை பாப்பா" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குதித்து வைத்தேன்.

மேலேயிருந்து பெரியப்பா ஹாரன் அடித்தார். பொழுது சாய்வதற்குள் மூட்டைகள் கழுவுகிற இடத்துக்குப் போய்விட வேண்டும். ராத்திரி லாரி மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பிவிடும். இரண்டாவது ஹாரனுக்கும் நாங்கள் வரவில்லை என்றதும் அவரே இறங்கி வந்தார்.

"என்றா ஆச்சு?"

"கிளட்ச் புடிக்க மாட்டேங்குதுங்கண்ணா."

"நேத்து வரைக்கும் புடிச்சுதல்ல?"

அப்பா இறங்கினார். கீழே குனிந்து கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். பெடல் கொஞ்ச தூரம் சும்மா இறங்க வேண்டும், அப்புறம்தான் இறுக வேண்டும். அது தொட்டவுடனே இறுகியது. ஸ்பானரை வாங்கி ராடில் இருந்த நட்டைத் தளர்த்தி, பெடலுக்கு ஆட்டம் கொடுத்தார். ஏறி உட்கார்ந்து மறுபடி எடுத்தார். அதே கத்தல்.

பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, பெரிய கியர் போட்டு, கிளட்சை முழுசாக விட்டார். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் அந்த இடத்திலேயே அணைய வேண்டும். அணையவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தானே அணைத்துவிட்டு இறங்கினார். முகம் சரியில்லை. பெரியப்பா குன்னூருக்குப் போன் போட்டார்.

அம்மா இதற்குள் இறங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

மெக்கானிக் வந்ததும் வண்டிக்கு அடியில் படுத்தார். இன்ஜினும் கியர் பெட்டியும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் விரலை விட்டுத் துழாவி, வெளியே எடுத்துப் பெரியப்பாவிடம் காட்டினார்.

"ஆயில் எறங்கியிருந்தா இங்க சொட்டோணுமுங்க. காஞ்சு கெடக்குது பாருங்க."

"அப்பறம் ஏன்?"

"கிளட்ச் பிளேட்டு எரிஞ்சு போச்சுங்க. போன வருசம் நாந்தான் புதுசு போட்டேன். அஞ்சாறு வருசம் வரோணும்."

"வரலியே."

"கால வெச்சே ஓட்டியிருக்குதுங்க" என்றார் மெக்கானிக். அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. டயரைப் பார்த்துச் சொன்னார்.

மூட்டை மேலிருந்து மாமா சிரித்தார். "அதான் பாப்பாவுக்குக் கல்லு வெக்கற வேலையே போச்சுங்களே. எல்லாம் அரைக் கிளட்ச்சுலயே. ஏனுங் மச்சான், இதுக்குத்தான என்னைய சீட்டுலயிருந்து எறக்கி உட்டீங்க?"

அது நிஜம். மாமா ஓட்டப் பழகியபோது கிளட்ச் மேல் காலை வைத்தார் என்று அப்பா அவரைப் பாதி வழியில் இறக்கி நடக்க விட்டிருக்கிறார். கிளட்சில் கால் வைத்து ஓட்டுகிறவன் மாடு ஓட்டப் போகலாம் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த கையையே துடைத்தார்.

பெரியப்பா சிக்கனக்காரர். கோணிப்போன ஆணியைக்கூடத் தட்டி நிமிர்த்தி வைப்பவர்.

"சாவியக் கொண்டா. நாளையிலிருந்து உம்பட மச்சினன் ஓட்டட்டும்" என்றார்.

அப்பாவுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். சீட் போனால் கொத்து பிடித்துக் களை வெட்ட வேண்டும். அம்மா எழுந்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா தலையை லேசாக அசைத்தார். வேண்டாம் என்று. அம்மாவை அதட்டுகிறார் என்று நினைத்து எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. சாவியைக் கழற்றிப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டார்.

மூட்டைகளைச் சுமந்து மேலே ஏற்றுவது என்று முடிவாயிற்று. அப்பா ஒன்றை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தார். பெரியப்பாவும் துண்டைத் தலையில் கட்டி ஒன்றைத் தூக்கினார். மாமா முனகிக்கொண்டே இறங்கினார். மெக்கானிக்கும் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஒரு சின்ன மூட்டையைப் பார்த்து எடுத்தார்.

அம்மா மூட்டை தூக்குவதில் மாமாவைவிடக் கெட்டி. அவளும் வந்து ஒரு மூட்டையின் காதைப் பிடித்துக் குனிந்தாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். முதுகில் இருந்த மூட்டையை அப்படியே போட்டார். அது உருண்டு வாய் பிரிந்து கேரட் பாதையெல்லாம் சிதறியது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஓடி வந்து அம்மாவின் கையை மூட்டையிலிருந்து எடுத்துவிட்டார்.

"நீ தூக்காத" என்றார்.

"அக்காளுக்கு என்னவாம்? மகாராணியாட்டம்…" என்று மாமா ஆரம்பித்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

பெரியப்பா மூட்டையோடு நின்றுவிட்டார். அம்மாவைப் பார்த்தார். பிறகு டிராக்டரின் இடப்பக்க மட்கார்டைப் பார்த்தார். அதன் மேல் எங்கள் வீட்டுக் கம்பளி ஒன்றை நாலாக மடித்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அது கொஞ்ச நாளாகவே அங்கே இருந்தது. குளிருக்கு என்று நான் நினைத்திருந்தேன்.

மூட்டையை இறக்கி வைத்தார்.

"அம்மணி, நீ மேல போயி பிக்கப்புல உக்காரு. மெதுவாப் போ, அவசரமில்ல. பாப்பா, நீ அம்மா கையப் புடிச்சுட்டுப் போ."

அப்புறம் சாவியை அப்பாவின் சட்டைப் பையில் அவரே போட்டார்.

"நீயே ஓட்டு."

"அப்ப நானுங்க?" என்றார் மாமா.

"நீ கேரட்டப் பொறுக்குடா."

மெக்கானிக்குக்குத்தான் மனசு கேட்கவில்லை. "வண்டிய ரெண்டாப் பிரிச்சுத்தானுங்க புதுசு போடோணும். இப்படியே ஓட்டுனா அதுவும் எரிஞ்சுரும்."

"எரிஞ்சா இன்னொண்ணு போடு. பிளேட்டுதான?"

ஆணி நிமிர்த்துகிற மனிதர் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெயிலும் இல்லை, மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவள் நின்று நின்று வந்தாள். எனக்குப் பொறுமை இல்லை, இழுத்தேன். அம்மா திட்டவில்லை. தனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தாள். கேரட் அன்றைக்கு லாரியைப் பிடித்துவிட்டது. சிதறியதில் ஒன்றை நான் மண்ணைத் துடைத்துத் தின்றேன்.

மறுநாள் அந்த வளைவிலேயே கட்டைகளை முட்டுக் கொடுத்து டிராக்டரை இரண்டாகப் பிரித்தார்கள். முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம். எரிந்த பிளேட் கறுத்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அது இப்போதும் எங்கள் கோழிக்கூண்டு மூடிக்குப் பாரமாகக் கிடக்கிறது.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு தடவை கரு தங்கிக் கலைந்திருக்கிறது. இரண்டு தடவையும் முன்னாலேயே எல்லோரிடமும் சொன்னார்களாம். அதனால் மூன்றாவது தடவை, வயிறு தானாகத் தெரிகிறவரை யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். வேலைக்குப் போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏற்றத்தில் நடக்காதே, அலுங்காதே என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லியிருந்தார். டிராக்டரில் அலுங்காமல் கொண்டுபோக அப்பாவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்திருந்தது. இதையெல்லாம் கல்யாணமாகி நான் உண்டாகியிருந்தபோதுதான் அம்மா சொன்னாள்.

தம்பி இப்போது அதே டிராக்டரை ஓட்டுகிறான். கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறான். அப்பா வரப்பில் நின்று, கால எடுறா, கால எடுறா என்று கத்துகிறார். அவன் கேட்பதில்லை. பிறக்கும் முன்பே வந்த பழக்கம்.

அன்றைக்கு அந்த வளைவில் இருந்தவர்களை நான் தப்பாக எண்ணிவிட்டேன்.

ஏழு பேர்.