பனியன் வெளுக்கும் தண்ணீரும் நாற்பது வேம்பும்

தாராபுரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கிடந்த பொட்டலைப் பூங்கா ஆக்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு, வைத்த செடிகளை ஆடுகளுக்கு விருந்தாக்கிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் கடைசி. திருப்பூரில் பனியன் கம்பெனி ஆட்களே ஒரு பூங்கா வளர்ப்பதாக ஒரு கண்டக்டர் சொன்னார். நம்பாமல்தான் ஒரு சித்திரை மாதத்துச் சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை ஏழேகால் பஸ். முப்பது மைல், ஒன்றேகால் ரூபாய். ஒன்பதுக்குத் திருப்பூர். இட்லியும் காபியும் நாற்பது பைசா. அங்கிருந்து பத்து நிமிட நடை.

பூங்கா என்றால் பெஞ்சையும் ஊஞ்சலையும் தேடாதீர்கள். வெயிலில் காயும் ஒரு காலி இடம், இடுப்பளவு நாற்பது வேப்பங்கன்றுகள், அவ்வளவுதான். ஒவ்வொன்றின் அடியிலும் ஈரம் காயாமலிருக்கப் பனியன் கழிவுத்துணி சுற்றியிருந்தது. தண்ணீர்க் குழாய் மட்டும் எங்கும் இல்லை.

ஆட்கள் மதியம்தான் வருவார்கள் என்றார்கள், காத்திருந்தேன். பன்னிரண்டரைக்குக் கம்பெனிச் சங்கு ஊதியது. கம்பெனிகளிலிருந்து பெண்களும் ஆண்களும் வந்தார்கள். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசி, மறு கையில் சொம்பு. வந்ததும் அவரவர் செடிக்கு ஊற்றினார்கள், பிறகுதான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் குடிதண்ணீர் அது. ஏன் இப்படி என்று விசாரித்தேன்.

பனியன் மடிக்கும் வேலை செய்யும் பழனாத்தாள்தான் விவரம் சொன்னார். அதுவரை பெண்கள் கம்பெனிச் சுவரோரம் வெயிலில் நின்றபடியே சாப்பிட்டிருக்கிறார்கள். இவர்கள் பலமுறை கேட்ட பிறகே நகராட்சி இந்த இடத்தைக் கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு. அடுத்த கோடையில் நாற்பது மரமும் உயிரோடு நின்றால் பூங்கா, இல்லாவிட்டால் லாரி நிறுத்துமிடம். முதலில் வைத்த நாற்பதும் ஒரே வாரத்தில் போய்விட்டன. கம்பெனியில் பனியன் வெளுத்து முடித்த மருந்துத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றியவர் இவரேதான்.

“பனியனையே பளிச்சுன்னு ஆக்குற தண்ணியாச்சுங்களே, அழுக்கே இருக்காதுன்னு நெனச்சுட்டனுங்க. செடியும் சேந்து வெளுத்துப்போச்சுங்க.”

சிரித்தார், ஆனால் கண் தெருவிலேயே இருந்தது. இன்றைக்குத்தான் நகராட்சி ஓவர்சியர் வந்து எண்ணப்போகிறாராம்.

ஒரு மணிக்கு வந்தார். தோளில் தண்ணீர்க் கூஜா, முகத்தில் சிடுசிடுப்பு. நாற்பதையும் எண்ணினார். குழாயே இல்லாத இடத்தில் கன்று எப்படித் தழைக்கும், எண்ணிக்கை காட்டுவதற்காக நேற்று ராத்திரி நட்டு வைத்தீர்களா என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பழனாத்தாளின் கன்றைப் பிடித்து இழுக்கவும் செய்தார். பழனாத்தாள் மெதுவாக, “நல்லாவே இழுத்துப் பாருங்க சாமி” என்றார்.

இரண்டு கையாலும் இழுத்தார். கன்று அசையவில்லை. உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

ஒன்றரைச் சங்கு ஊதியதும் எல்லோரும் வேலைக்கு ஓடினார்கள். ஓவர்சியர் காகிதத்தில் ஏதோ எழுதி, படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். ‘நாற்பதும் உயிருடன் உள்ளன.’ பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூஜாவைத் திறந்து, தான் இழுத்த கன்றுக்கு முழுவதையும் ஊற்றினார்.

மூன்றரை பஸ்ஸில் ஊர் திரும்பினேன். என் பொட்டலுக்கு ஆடு எதிரியே இல்லை, ஒவ்வொரு செடிக்கும் ஒரு ஆள் இல்லாததுதான் குறை என்று வழியிலேயே உறைத்தது.

இப்போது போகிறவர்களுக்கு: மதியம் பன்னிரண்டரைக்குப் போங்கள், வேம்புகளின் நிழலில் இடம் கிடைப்பது கஷ்டம். சாப்பாடு எடுத்துப் போங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில் வேண்டும். ஒன்று உங்களுக்கு.