ஹோஸ்டா நல்லா நிக்குது

எங்கள் பக்குரங்கா வீட்டின் தெற்குப் பக்கத்தில் வெயில் விழாது. பூமியின் தென்கோடியில் கிடக்கிற இந்த நாட்டில் சூரியன் வடக்காலே போய்விடும். அந்த ஈர மூலையில்தான் மனுசி ஒரு சின்ன ஹோஸ்டாச் செடி வளர்த்தாள். உள்ளங்கை அளவு இலை, நடுவில் பச்சை, ஓரம் பால்வெள்ளை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேரோடு பிரித்துக் கொடுத்தது. நத்தை தின்னாமல் இருக்க மனுசி முட்டைக்கோதை நொறுக்கிச் சுற்றவரப் போடுவாள். நான் எட்டிப் பார்த்ததில்லை. விரி என்ற இடத்தில் எனக்குக் கிடங்கு வேலை. இரவிரவாகப் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டு பகலெல்லாம் படுத்துக் கிடந்தவன். வேலையை விட்ட பிறகும் கதிரையும் டிவியும்தான்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மெல்பேர்ன் போகும்போது ஒன்றை மட்டும் என்னிடம் ஒப்படைத்தாள். வீட்டை அல்ல, அந்தச் செடியை. அவள் போய் ஒரு மாதத்துக்குள்ளேயே இலை மஞ்சளாகிச் சாய்ந்தது. தண்ணீர் ஊற்றினேன். சான்ட்ரிங்ஹாமில் அரிசி வாங்கப் போனபோது கடைக்காரத் தம்பியிடம் சொன்னேன். மதுரைப் பக்கத்துப் பிள்ளை. "பட்டுப்போச்சுங்கய்யா, விடுங்க" என்றான்.

இங்கே ஜூனும் ஜூலையும்தான் குளிர்காலம். ஜூன் முடிய வெறும் மண். தோண்டினேன். வேர் வெள்ளையாய், கொழுகொழுவென்று இருந்தது. செத்த வேர் கறுத்து அழுகியிருக்கும் என்று தெரியாதவனல்ல நான். மிளகாய்த் தோட்டத்தில் வளர்ந்தவன். தெரிந்தும் குப்பையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் புதினா நட்டேன்.

ஜூலையில் ஒரு நாள் மனுசி போனில் கேட்டாள்.

"செடி எப்பிடி?"

"நல்லா நிக்குது. வெள்ளைக்கரையோட நாலு புது இலை விட்டிருக்கு."

அங்கே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பிறகுதான் அவள் குரல்.

"இஞ்சேருங்கோ, அது குளிருக்கு மண்ணுக்குள்ள போய்ப் படுக்கிற செடி. பத்து வருசமா உங்கட அறை யன்னலுக்குக் கீழதான் நிண்டது. நாலு இலை எங்கால வந்தது?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எறிஞ்சிட்டீங்களோ?"

"ஓம்."

செப்டம்பரில் வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். வேறொன்று வாங்கித் தரட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டு உடுப்பு மடிக்கப் போனாள்.

இப்போது காலையில், பிரஷருக்கு டொக்டர் தந்த குளிசை போட்டாச்சு என்று சொல்வேன். ம் என்பாள். கொஞ்சம் பொறுத்து எழும்பிப் போய் குளிசை டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்ப்பாள். குளிசையை நான் ஒருநாளும் போடாமல் விட்டதில்லை.