அரசரின் தந்தக் காப்பும் வாசலில் விட்ட சப்பாத்தும்

எங்கள் மேல்வீட்டு ஒசாரோவின் அகதி வழக்கு வரும் திங்கட்கிழமை. அதற்கு முன் தன் ராசாவை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றார். அவர் நைஜீரியாவின் பெனின் நகரத்து ஏடோ இனத்து ஆள். புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் எங்கள் தமிழ்ப் பெடியளோடு வேலை செய்து தமிழ் பழகியவர். ராசா என்று அவர் சொன்னது, அருங்காட்சியகத்தில் இருக்கும் யானைத்தந்தக் காப்பை. நேற்று, சனிக்கிழமை காலை வெளிக்கிட்டோம். எனக்கு எழுத வராது. நான் சொல்ல மகள் தட்டுகிறாள்.

நாங்கள் இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து ஷெர்ப்ரூக் வீதியால் ஒரே பேருந்து, அரை மணித்தியாலம். பனி கொட்டினால் கூடவும் எடுக்கும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாண் உயரக் காப்பு. தந்தம் தேன் நிறமாகிவிட்டது. அதில் செதுக்கிய அரசர் நிற்கிறார். கால்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சேற்றுமீன்கள் வளைந்து கிடக்கின்றன.

"கை நிறையப் பவளம் கட்டுவார் அண்ணை. வாளோட ஆடேக்க சிக்கப்படாதெண்டு மேல இதைப் போடுறவர்," என்ற ஒசாரோ தொப்பியைக் கழற்றி முழந்தாளிட்டார்.

அவர் முழந்தாளிட, நான் சப்பாத்தோடு நிற்பதா? அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றி, பையையும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். நல்லூர்க் கோயிலில் செய்கிறதுதான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கிடந்த என் பையருகே காவலரின் வானொலிக் கருவி கரகரத்தது. சனத்தை வெளியேற்றினார்கள். பிரெஞ்சில் 'பொலிஸ்' மட்டும் எனக்கு விளங்கியது.

"அண்ணை, பொலிசில பேர் பதிஞ்சால் வழக்கோட நான் முடிஞ்சன்," என்றார் ஒசாரோ, எழும்பாமலே.

ஆளில்லாப் பையை 'என்னுடையது' என்றவனை ஊரில் ஆமி ஜீப்பில் ஏற்றியதைக் கண்டவன் நான். அந்த ஜீப்பின் பின்கதவு நீலக் கயிற்றால் கட்டியிருந்தது.

காவல் உடுப்புப் போட்ட பெண் என்னைப் பார்த்தாள். "ஐயா தமிழோ? உங்கட பையோ?"

"ஓம் பிள்ளை. தேத்தண்ணிப் போத்தல்."

"திறவுங்கோ பாப்பம்."

திறந்தேன். போத்தல் மூடி கழன்று உருண்டது.

"சப்பாத்து ஏன் வெளியில? இதென்ன கோயிலோ?"

"அவருக்கு ராசா, பிள்ளை."

முழந்தாளில் இருந்தவரைப் பார்த்தாள். கருவியில் ஏதோ சொன்னாள். "சரி, போட்டுக்கொண்டு போங்கோ."

பெயர் கேட்கவில்லை. ஆனால் ஒசாரோ கூரையில் இருந்த கமராவைப் பார்த்தபடியே வந்தார்.

போகிறவர்களுக்கு: மேலங்கியோடு பையையும் கீழே, உடுப்பு வைக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். முழந்தாளிடத் தோன்றினால் இடுங்கள், சப்பாத்தோடேயே.

இன்று ஞாயிறு. வாசல் மணி அடித்தால் மேல்வீட்டுக் காலடி நின்றுவிடுகிறது. என்னுடையதும்தான்.