பூதக்கண்ணாடிக்குத் தெரியாத நீலம்

என் அக்கா புருஷனுக்கு நூல் ஆலையில் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சாயம் ஏற்றிய நூல்கண்டை வடக்கு ஜன்னலோரம் எடுத்துப்போய், வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரியோடு ஒட்டிப் பார்த்து, நிறம் சரியா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. அவர் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. வீட்டிலும் அதே பார்வைதான். பால் பாக்கெட்டில் தேதியைப் படிப்பார், பிறகு கடைக்காரர் முகத்தையும் படிப்பார். நான் சட்டை வாங்கிக் கொடுத்தால், எதற்கு அடிபோடுகிறேன் என்று அக்காவிடம் விசாரிப்பார்.

அந்த மாதம் அவர் சரியென்று அனுப்பிய நீல நூல் இரண்டு முறை திரும்பி வந்தது. நிறம் சேரவில்லையாம். தான் பார்த்து முடித்த பிறகு சாயக்காரர்தான் கண்டுகளை மாற்றிவிடுகிறார் என்று மாமா மேனேஜரிடம் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அதையே எழுதிக் கொடுத்தால் சாயக்காரருக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். பதினான்கு வருஷ வேலை, வீட்டில் நடக்க முடியாத மனைவி. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வாயைத் திறந்தால் "உனக்கு இதுல எவ்வளவு பங்கு?" என்பார். 

சனிக்கிழமை இருட்டியதும், நான் புதிதாக வாங்கிய சின்ன டெலஸ்கோப்பை அவர்கள் மொட்டைமாடியில் நிறுத்தினேன். அல்பிரியோ என்றொரு நட்சத்திரம். வெறும் கண்ணுக்கு ஒரே புள்ளி, குழாய் வழியே பார்த்தால் இரண்டு.

அக்கா குனிந்து பார்த்தாள். "ஒண்ணு தங்கம். பக்கத்துல குட்டியா நீலம். கம்மல்ல பதிச்சுக்கலாம் போல இருக்கு."

மாமா வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டும் மஞ்சள். சின்னது கொஞ்சம் வெளுத்திருக்கு, அவ்வளவுதான். நீலம் எங்க?"

"நல்லாப் பாருங்க மாமா."

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுத்தானே என்னை மாடிக்குக் கூப்பிட்டீங்க?"

லென்ஸைக் கழற்றச் சொல்லி, மடக்கி வைத்திருந்த கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி பார்த்தார். அப்புறமும் விடவில்லை. ஆலையில் ஒரு வழக்கம் உண்டு: நிறத்தில் சந்தேகம் வந்தால் இரண்டாவது ஆளைக் கூப்பிடுவார்கள், முதல் ஆள் பார்த்ததை அவரிடம் சொல்ல மாட்டார்கள், அவர் தாளில் எழுதித் தரவேண்டும். பூதக்கண்ணாடியைச் சோதிக்க மட்டும் இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். தண்ணீர்த் தகராறில் அந்த அம்மாவோடு மூன்று வருஷமாகப் பேச்சில்லை. "அவ எனக்காகவும் பேச மாட்டா, உங்களுக்காகவும் பேச மாட்டா" என்றார். உலகத்தில் அவர் நம்பிய ஒரே ஆள் அந்த எதிரிதான்.

தையல்காரம்மா ஏறி வந்தார், பார்த்தார், எழுதினார், மாமா பக்கம் திரும்பாமலே இறங்கிப் போனார். மாமா தாளைப் படிக்கட்டு விளக்கடியில் பிடித்தார். 'பெரியது மஞ்சள். சின்னது வெளிர் நீலம்.'

மறுபடி குழாயில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றதை மூடிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, எத்தனை நாளா எனக்கு இப்படி?"

எனக்கு என்ன தெரியும்? முதல் தடவையாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்கா அழுதாள்.

ஞாயிறு காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு சாயக்காரர் வீட்டுக்குப் போனார். கதவு பாதிதான் திறந்தது. மாமா திரும்பி வந்த நூல்கண்டு ஒன்றையும் வாடிக்கையாளரின் மாதிரியையும் நீட்டினார். "இது ரெண்டும் ஒரே நீலமான்னு பாத்துச் சொல்லுங்க."

சாயக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எதுக்கு? தொட்டா, மாத்திட்டேன்னு சொல்றதுக்கா?"

"என் கண்ணுக்கு நீலம் தெரியல. நான் சரின்னு அனுப்பினதுதான் தப்பு."

சாயக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு என்னையும். "இதுல என்ன உள்குத்து?"

 மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, சுவரில் வைத்து, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "நாளைக்கு மேனேஜர்கிட்ட நீங்களே குடுங்க."

சாயக்காரர் இரண்டு முறை படித்தார்.

"இதைக் குடுத்தா உங்க வேலை போயிடுமே."

"போயிடும்" என்றார் மாமா.